மேல்மாடத்துச் சுருதி

மேலேயிருந்து இறங்கிய சுரமும் கீழேயிருந்து ஏறிய சுரமும் தேவாலயத்தின் நடுவில் எங்கோ முட்டிக்கொண்டன. இரண்டும் ஒரே சுரம்தான்... ஆனால் ஒட்டவில்லை. ஊங்... ஊங்... என்று ஒரு நடுக்கம், காதுக்குள் வண்டு புகுந்தாற்போல.

மேல்மாடத்தில் அவள் குழாய் ஆர்கனிலிருந்து விரலை எடுத்தாள். கீழே அந்த ஓசை மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. யாரோ தண்ணீருக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது.

ஆர்கன் வாசிப்பவர் பலிபீடத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். போதகர் எழுவதும் அமர்வதும் தெரிவதற்காகத் தலைக்கு மேலே ஒரு சிறிய கண்ணாடி மாட்டியிருந்தது. அவள் அதில் பார்த்தாள். மழையில் நனைந்த தலை. மூக்கு நுனிவரை வழுக்கி வந்துவிட்ட மூக்குக்கண்ணாடி. கைகளில் நூல் சுற்றிய கோல்கள். அவனும் நிமிர்ந்து பார்த்தான்... நேராக அந்தக் கண்ணாடிக்குள்.

'இதில் பார்க்கிறவளைக் கீழேயிருந்தும் பார்க்கலாம் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லையே...' பாடகர் குழுவில் கொட்டாவி விடுகிறவர்களை எல்லாம் அவள் எவ்வளவு தைரியமாக வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

"மேல யாருங்க?" என்றான் அவன். "உங்க சுருதி கொஞ்சம் கீழ இருக்கு."

"நான் மேலதான் இருக்கேன். கீழ இருக்கறது நீங்க."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை... அல்லது, பிடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இரண்டில் எது என்று யோசிக்காமல் படியிறங்கி வந்தாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் சனிக்கிழமை மாலைகளில் தேவாலயத்தில் ஜாஸ் கச்சேரி நடக்கும் என்று சபைக் குழு தீர்மானித்திருந்தது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். பெஞ்சுகளில் ஆட்களைவிடக் குடைகள் அதிகமாகத் தெரிந்த வாரங்களும் உண்டு. சனிக்கிழமையாவது கதவு திறந்திருக்கட்டும், நாலு பேர் உள்ளே வந்து உட்காரட்டும் என்று போதகர் சொன்னார். ஜாஸ் என்றால் என்னவென்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

வாசிக்க வந்தவர்கள் மூன்று பேர். அவன். பியானோவுக்கு அவனுடைய அக்கா. டபுள் பேஸ் என்கிற ஆளுயர வாத்தியத்துக்கு அக்கா வீட்டுக்காரர். இவர் மேடையிலும் வீட்டிலும் பேசுகிற பொறுப்பை அக்காவிடம் விட்டுவிட்டவர். வாரநாட்களில் அவன் ஒரு சலவை நிலையத்தின் வேன் ஓட்டினான். விரிப்புகளும் டவல்களும் ஏறி இறங்குகிற அந்த வேனில்தான் வாத்தியங்களும் வந்தன. அதனால் அவனைச் சுற்றி எப்போதும் ஒரு சோப்பு வாசனை இருந்தது.

அவனுடைய வாத்தியம் வைப்ரஃபோன். பியானோக் கட்டைகளின் வரிசையில் உலோகப் பட்டைகளை அடுக்கியிருக்கும். கோலால் தட்டினால் ஓசை எழும்பி, போதும் என்று நிறுத்தும்வரை காற்றிலேயே நிற்கும். அழகான வாத்தியம்தான். ஆனால் வளைந்து கொடுக்காது. தந்தி என்றால் முறுக்கலாம், தளர்த்தலாம். பட்டைக்குச் செய்தவர் வைத்த சுருதியே சுருதி. ஆர்கனும் அப்படித்தான். ஒரு சுவரையே மறைத்து நிற்கிற அத்தனை குழாய்களையும் கச்சேரிக்குக் கச்சேரி யார் தொட்டு மாற்றுவது?

நடுவில் மாட்டிக்கொண்டது பியானோ.

அக்கா பியானோவில் உட்கார்ந்து ஒரு சுரத்தை வாசித்தாள். தம்பி பட்டையைத் தட்ட, அக்காவின் முகம் எலுமிச்சையைக் கடித்தாற்போல் சுருங்கியது. பியானோவுக்கு யார் சுருதி சேர்த்தது, எதோடு சேர்த்தது என்று அவன் விசாரித்தான். ஆர்கனோடுதான், வேறு எதோடு சேர்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு இரண்டும் சேர்ந்துதானே வாசிக்க வேண்டும் என்றாள் அவள். கச்சேரிகளுக்காகவே சுருதி சேர்க்கிற ஆளை வரவழைத்து, விரல் விறைக்கிற விடிகாலையில், ஒருவரும் இல்லாத தேவாலயத்தில் மேலே உட்கார்ந்து சுரம் சுரமாகப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

இரண்டும் நியாயமான பேச்சு. நியாயம் இரண்டு பக்கமும் இருந்துவிட்டால் சண்டைக்கு முடிவே கிடையாது. பியானோவைக் கச்சேரிக்கு ஒருமுறை, ஆராதனைக்கு ஒருமுறை என்று மாற்றி மாற்றி முறுக்கினால் தந்தி அறுந்துபோகும். அன்று மாலை பியானோ இல்லாமலே முதல் கச்சேரி நடந்தது. அக்கா முன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டு விசேஷத்துக்கு விருந்தாளியாக வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அவள் மேலே நின்று கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள்... அவனுடைய கோல்கள் பட்டைகளைத் தொட்டதும் விலகியதும் தெரியவில்லை. மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டு, அதற்கு நடுவில் அவன் வாசித்தான். 'திமிர் பிடித்த ஆளுக்கு இவ்வளவு மென்மையான கையா...'

வினை கச்சேரி முடிந்தபிறகு வந்தது.

சபைக் குழுவின் செயலாளர் அவளுடைய சித்தப்பா. வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் சித்தப்பா வீட்டில்தான் இருந்தாள். பாசமான மனிதர். ஆனால் இசைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாட்டு முடிந்துவிட்டது என்பதை மற்றவர்கள் உட்காருவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். மேல்மாடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆர்கன்மேல் அவருக்கு வெகு நாளாக ஒரு கண். காற்றடிக்கும் மோட்டாருக்கு ஆகிற மின்சாரம், மழைக்காலத்தில் தோல் பாகங்களைக் காக்கிற தொல்லை... எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடத்தலாம். ஒரு ஹோட்டல்காரர் அந்தக் குழாய்களைத் தன் வரவேற்பறைச் சுவரில் அலங்காரமாக நிறுத்த ஆசைப்பட்டு அவரிடம் கேட்டும் வைத்திருந்தார். அண்ணன் மகள் முகத்தைப் பார்த்துத்தான் சித்தப்பா பேசாமல் இருந்தார். அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

பியானோவில் ஏன் யாரும் உட்காரவில்லை என்று அவர் அவனிடம் சாதாரணமாகக் கேட்டார். பட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே அவனும் சாதாரணமாகச் சொன்னான். ஆர்கன் சுருதி இறங்கிக் கிடக்கிறது, பியானோவையும் அதோடு சேர்த்து இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான் என்றான். கேட்டவர் யார், அவருக்கு யார் என்ன உறவு, எதுவும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் ஆராதனையின் முடிவில் அறிவிப்பு வந்தது. பியானோ கச்சேரிக் குழுவின் சுருதிக்கு ஏற்றப்படும். மழைக்காலம் முடியும்வரை ஆராதனைக்குப் பியானோ மட்டும். ஆர்கன் பழுதுபட்டிருப்பதாக வாத்தியம் தெரிந்தவர்களே சொல்வதால், அதை விற்றுவிடுவது பற்றிக் குழு விரைவில் முடிவெடுக்கும்.

அவள் மூடியை இறக்கிப் பூட்டினாள். அவள் அழவில்லை. பூட்டிய பிறகும் கொஞ்ச நேரம் மூடியின்மேல் கையை வைத்திருந்தாள், அவ்வளவுதான். இந்த ஊரில் தங்கியிருக்கும் வீடு சித்தப்பாவினுடையது. வேலை பார்க்கும் கடை முதலாளியினுடையது. மேல்மாடத்து மர நாற்காலி ஒன்றுதான் அவளுடையது என்று இருந்தது.

வாரநாட்களில் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பது, வளைந்த பிரேமை நிமிர்த்துவது, பொருந்தாத பிரேமைப் பொருந்துகிறது என்று அடம் பிடிப்பவர்களைச் சமாளிப்பது. அந்த வாரம் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம், கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு சோப்பு வாசனை உள்ளே வந்தது.

அவன் அவளை எதிர்பார்க்கவில்லை. பிரேம் தளர்ந்துபோய் வாசிக்கும்போது வழுக்குகிறது, கண்ணாடியில் கீறலும் விழுந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று நீட்டினான். நீட்டிய பிறகுதான் வாங்குவது யார் என்று பார்த்தான். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் எதிரே நாற்காலியைக் காட்டினாள். சின்ன ஸ்கேலை அவன் மூக்கின்மேல் பிடித்தாள்.

"நேரா பாருங்க."

"எதை?"

"என் இடது கண்ணை."

பார்த்தான். அவள் தினமும் எத்தனையோ கண்களை இத்தனை அருகில் பார்க்கிறவள். கண் அவளுக்கு ஒரு அளவு. ஆனால் இவன் கண்கள்... மழை கழுவிவிட்ட கூழாங்கல் நிறம். கண்ணாடி இல்லாததால் லேசாகக் கலங்கி, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுகிற பார்வை. ஸ்கேல் ஒரு நூல் நகர்ந்துவிட்டது. மறுபடி வைத்தாள்.

"இப்ப வலது கண்ணை."

"அதுவும் கோபமாத்தான் இருக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே ஆள்மேலதான் கோபம்."

அளவைக் குறித்துக்கொண்ட பிறகு, அவன் கேட்காமலே அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. செயலாளர் தன் சித்தப்பா என்பதையும், அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பதையும், அவன் பட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே அவருக்கு எதை எடுத்துக் கொடுத்துவிட்டான் என்பதையும் சொன்னாள். அவன் முகத்திலிருந்து விளையாட்டு மெல்ல வடிந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. கேட்டாரு, சொன்னேன்."

"தெரிஞ்சு சொல்லியிருந்தா பரவால்ல... உங்களோட நல்லா சண்டை போட்டிருப்பேன். தெரியாம சொன்னவங்களோட எப்படிச் சண்டை போடறது?"

அவன் கண்ணாடி இல்லாமலே எழுந்து, கதவு என்று நினைத்துக் கண்ணாடி அலமாரியின் பக்கம் நடந்து, திரும்பி, சரியான கதவைக் கண்டுபிடித்து வெளியே போனான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பின்மேல் ஆத்திரம் வந்தது.

அவன் நேராகச் சித்தப்பாவிடம் போயிருக்கிறான். இதை இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பாவே சொன்னார். தான் சொன்னது அரைகுறைப் பேச்சு என்றானாம். விற்கிற முடிவை எடுக்கும் முன் ஒரே ஒரு கச்சேரியில் ஆர்கனையும் சேர்த்து வாசிக்க அனுமதிக்க வேண்டும் என்றானாம். வேண்டுமானால் மோட்டாருக்கு ஆகும் மின்சாரத்தைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னானாம். பையன் நல்லவன்தான், ஆனால் வியாபாரம் தெரியவில்லை என்று சித்தப்பா சிரித்தார். உனக்குச் சம்மதமா என்று அவளைக் கேட்டார்.

அவள் மாட்டேன் என்றாள். யாருடைய சிபாரிசிலும் தான் அந்த நாற்காலியில் உட்காரத் தேவையில்லை என்றாள். அது ரோஷம். அது பாதிதான். மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சொன்னது நிஜம் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த இரண்டு சுரங்களும் முட்டிக்கொண்டதைக் கேட்டவள்தானே... ஊர் கூடியிருக்கும்போது மறுபடி அப்படி முட்டிக்கொண்டால் ஆர்கன் கெட்டுவிட்டது என்பதற்குச் சாட்சியே வேண்டாம். சித்தப்பாவுக்குக்கூடக் கேட்டுவிடும்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவள் தேவாலயத்தின் பக்கம் போகவில்லை. கச்சேரிக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டே போவதாகக் கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். கண்ணாடி தயாராகி, பெட்டிக்குள் காத்துக்கிடந்தது. எடுத்துப்போக அவன் வரவில்லை. அக்கா வந்தாள்.

அக்கா வளவளவென்று பேசுகிறவள்தான், ஆனால் அன்றைக்குச் சொல்ல வந்ததை நேராகச் சொன்னாள்.

"வீட்ல கெடந்த பழைய கண்ணாடியப் போட்டுக்கிட்டு கடையைச் சுத்திச் சுத்தி வேன் ஓட்டறான், உள்ள வரமாட்டேங்கறான். ஹோட்டல்காரங்க டவல் வரலன்னு எனக்கு போன் பண்றாங்க. நீங்க ஒரு தடவை வந்து கேட்டுட்டுத் திட்டிடுங்கம்மா. திட்டு வாங்காம அவன் தேறமாட்டான்."

கண்ணாடியைத் துணியில் துடைத்துப் பெட்டியோடு கொடுத்தாள் அவள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியத்திலிருந்தே மழை சாய்வாக அடித்தது. கச்சேரிக்கென்று வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கி வந்தவர்கள், பேருந்து வராததால் வந்தவர்கள் என்று தேவாலயம் நிறைந்துவிட்டது. பெஞ்சுகள் போதாமல் சுவரோரம் நின்றார்கள். சாரல் உள்ளே வருகிறது என்று தேவாலயக் காவலாளி பெரிய கதவுகளைச் சாத்தி, ஜன்னல்களையும் அடைத்தார். நனைந்த சட்டைகளிலிருந்து ஆவி எழுந்தது. விளக்குகளும் மூச்சுகளும் சேர்ந்து அந்தக் கல் கட்டடத்தை அவள் ஒருநாளும் அறியாத அளவுக்குச் சூடாக்கிவிட்டன.

பக்கவாட்டுப் படி வழியாக அவள் மேலே போனாள். கேட்கத்தான் வந்தோம் என்று அவளுக்கே சொல்லிக்கொள்ள இஷ்டமில்லை. ஆர்கனின் தோல் பாகங்களில் பூஞ்சை பிடிக்காதிருக்க அவ்வப்போது மோட்டாரை ஓடவிட வேண்டும், அதற்குச் சித்தப்பாவின் அனுமதி உண்டு, அதற்காக வந்தோம் என்று சொல்லிக்கொண்டாள். மேல்மாடம் கீழைவிட வெக்கையாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். இடைவேளை இரைச்சலில் மோட்டாரைப் போட்டாள். குழாய்களுக்குள் காற்று ஏறுகிற அந்த மெல்லிய பெருமூச்சு... அதைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

இடைவேளை முடிந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று கீழே அமைதி. அவன் தனியாக ஒரே ஒரு பட்டையைத் தட்டினான். ஒற்றைச் சுரம். அது எழும்பி, கூட்டத்தின் தலைக்கு மேல் நின்று, அவளைத் தேடி வந்தாற்போல் மேல்மாடத்துக்கு வந்தது.

அவள் விரல் தானாகப் போனது. 'வேண்டாம்... வேண்டாம்...' என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே மிக மெல்லிய குழாய் ஒன்றைத் திறந்து அதே சுரத்தைத் தொட்டுவிட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு அந்த நடுக்கத்துக்காகக் காத்திருந்தாள்.

நடுக்கம் வரவில்லை.

இரண்டு ஓசையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எது என்று பிரிக்க முடியாமல், ஒரே சுரமாக நின்றது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். அவனுக்கும் வரவில்லை. கோலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். மெதுவாக அடுத்த பட்டையைத் தட்டினான், கேள்வி கேட்பது போல. அவள் பதில் கொடுத்தாள். ஒட்டியது. இன்னொன்று. அதுவும். அக்கா பியானோவிலிருந்து திரும்பி மேலே பார்த்தாள். கூட்டமும் பார்த்தது. எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே.

பிறகு அவன் வாசிக்கத் தொடங்கினான். அவளுக்கு அந்தப் பாட்டு தெரியாது, ஜாஸும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு அடியில் எப்படி நீளமாக, பொறுமையாகச் சுரங்களைப் பிடிப்பாளோ அப்படியே பிடித்தாள். அவன் அதன்மேல் ஏறி ஓடினான், தாவினான், விழப்போகிறவன் போலப் பாவனை செய்து அவள் சுரத்தின்மேல் வந்து காலூன்றினான். ஒரு இடத்தில் அவள் தெரியாத்தனமாக வேறு சுரத்துக்குத் திரும்பிவிட்டாள். அவன் அதுதான் வழி என்பது போலக் கூடவே திரும்பினான். கண்ணாடியில் அவன் சிரிப்பது தெரிந்தது. பயமில்லாமல் அவளும் சிரித்தாள்.

முடிந்தபோது தேவாலயம் முழுவதும் கை தட்டியது. அந்தத் தட்டலில் மழைச் சத்தம் கேட்கவில்லை. சித்தப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எல்லாரும் தட்டுகிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு தட்டினார்.

அன்று இரவு முழுக்க யோசித்ததில் அவளுக்கு விளங்கியது. குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். ஆர்கன் வாசிக்கிற எல்லாருக்கும் இது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தத் தேவாலயம் நிறைந்ததே இல்லை. குளிர்ந்த சுருதிதான் இதன் சுருதி என்று அவள் காது பழகிவிட்டது. ஆர்கனைக் கட்டியவர்கள் ஆட்கள் நிறைந்த கட்டடத்துக்குச் சுருதி வைத்திருந்தார்கள். அவள் காலிக் கட்டடத்தில், விடிகாலைக் குளிரில் அதைப் பிடித்துக் கொடுத்துப் பியானோவை இறக்கியிருக்கிறாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து குழு கூடியது. போதகரும் சித்தப்பாவும் மற்றவர்களும் இருந்த மேஜையின் முன் நின்று அவள் இதை அப்படியே சொன்னாள். பிழை ஆர்கனில் இல்லை, அவன் காதிலும் இல்லை, தான் பார்த்த வேலையில் இருந்தது என்றாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

சித்தப்பா நெற்றியைத் தடவிக்கொண்டார். "அப்போ, ஆள் வந்தா சரியாயிடும். வராட்டி?"

"ஆளே வராத கோயில்ல ஆர்கன் ஏறினா என்ன, இறங்கினா என்ன சித்தப்பா?"

போதகர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு விவாதிக்க அதிகம் இல்லை. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் நேற்று கை தட்டியவர்கள்தான். குளிரான காலைகளில் ஆர்கன் மட்டும் தனியாக, மீதிக் கச்சேரிகளில் ஆர்கனும் கூட, குழாய் கேட்ட ஹோட்டல்காரருக்குக் கைவிரித்து ஒரு போன் என்று முடிவானது. அந்த போனைத் தானே செய்வதாகச் சித்தப்பா சொன்னார். உண்மையில் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அண்ணன் மகள் சாப்பாட்டு மேஜையில் பேசாமல் சாப்பிடுவதை அவர் எத்தனை நாள் பார்ப்பார்?

அவள் வெளியே வந்தாள். மழை விட்டு, மரங்கள் மட்டும் தம் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தன. சுவரோரம் சலவை வேன். அதன் படியில் அவன். ஆராதனை தொடங்கியதிலிருந்தே அங்கேதான் இருக்கிறான் என்பது நனைந்த தோளைப் பார்த்தாலே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்த ஹோட்டலுக்கும் அவன் விரிப்பு கொண்டுபோவதில்லை. அவளைக் கண்டதும் எழுந்தான். கண்ணாலேயே முடிவைக் கேட்டான்.

அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் கல்லாக வைத்திருந்தாள். அந்த அளவு பழி வாங்காவிட்டால் எப்படி...

"முடிவு பண்ணிட்டாங்க," என்றாள்.

அவன் முகம் வெளிறியது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. "விக்கல," என்றாள். "அடுத்த சனிக்கிழமை நானும் வாசிக்கறேன்."

அவன் அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். புதுக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டியதே இல்லாத கண்ணாடியைத் துடைத்தான். வேறு பக்கம் பார்த்தபடி மூச்சை மெல்ல விட்டான். பிறகு, உங்கள் சித்தப்பா உள்ளேதான் இருக்கிறாரா, நான் போய் அவரிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றான். என்ன விஷயம் என்று அவள் கேட்டாள். அவன் காது மடல் சிவந்தது. உங்களைப் பற்றித்தான் என்றான்.

அவள் நகர்ந்து, அவனுக்கும் தேவாலய வாசலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"வேண்டாம். அவர்கிட்ட நீங்க போற போக்குல சொன்ன ஒரு வார்த்தைக்கே நான் இத்தனை நாள் சரியா தூங்கல. இந்தத் தடவை என்கிட்ட முதல்ல சொல்லுங்க."

ஆராதனைக்கு வந்தவர்கள் குடைகளை உதறிக்கொண்டு கடந்து போனார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நின்றான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்து வாசிச்சப்ப இல்ல... அன்னிக்கு கடையில, கோபத்தை வெச்சுக்கிட்டு என் கண்ணை அளந்தீங்களே, அப்பவே. வெளிய வந்து வேனை எடுக்கவே தெரியல. நீங்க என்கூட இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. எப்பவும்."

"கண்ணாடி இல்லாம வேனை எடுக்கக் கூடாது," என்றாள் அவள். குரல் அவளுக்கே அடங்கவில்லை. "எனக்கும் அப்பவேதான்... ஸ்கேல் நகர்ந்துபோச்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மறுபடி அளந்தேன்."

அவன் சிரித்தான். இந்தச் சிரிப்பு பிடித்துவிடுமோ என்று பயப்பட இனி ஒன்றும் இல்லை. பிடித்துவிட்டது.

"வாங்க," என்றாள். "இப்ப போகலாம் அவர்கிட்ட. நான் பேசறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

வேன் கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல், அவள் பக்கத்தில் அவன் நடந்தான்.